இடைத்துண்டு நிலம்

"அதான் சட்டத்தையெல்லாம் எடுத்துட்டாங்களே, இன்னும் என்னங்க நிறவெறி நிறவெறின்னு?" போன மாதம் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் தென்னாப்பிரிக்கா பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு பேராசிரியர் இப்படிக் கேட்டார். மண்டேலா வந்தார், எல்லோருக்கும் ஓட்டு வந்தது, உலகமே மெச்சுகிற அரசியல் சட்டம் வந்தது. இனி அங்கே இருப்பது வெறும் பொருளாதாரப் பிரச்சினை என்று ஒரே போடாகப் போட்டார். கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு உறுத்தியது. 'சட்டம்தான் இருக்கே, அப்புறம் என்ன' என்று நம்மைப் பார்த்துச் சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இந்தக் கட்டுரை நம்மூரைப் பற்றியதல்ல. அன்றைக்கு நேரமில்லை என்று உட்கார வைத்துவிட்டார்கள். சொல்ல விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கட்டிடம். ஜோகன்னஸ்பர்க் நகரத்தின் மையத்தில் ஆல்பர்ட் தெருவில் இருக்கிற ஐந்து மாடிக் கட்டிடம். நிறவெறி ஆட்சியில் அதுதான் பாஸ் ஆபீஸ். வேலை தேடி வந்த கறுப்பர்கள் அங்கே வரிசையில் நின்று, மருத்துவச் சோதனை என்ற பெயரில் அம்மணமாக நின்று, முத்திரை குத்திய புத்தகத்தை வாங்கினால்தான் நகரத்தில் கால் வைக்கலாம். இந்தப் பாஸ் புத்தகத்தைக் கட்டாயமாக்கிய 1952-ஆம் வருடச் சட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? பாஸ் ஒழிப்புச் சட்டம்! பெயர் வைப்பதில் அதிகாரத்துக்கு எப்போதுமே ஒரு தனி ருசி உண்டு. அந்தக் கட்டிடம் 2023 ஆகஸ்ட் 31 விடியற்காலையில் தீப்பிடித்தது. 76 பேர் செத்தார்கள். பிள்ளைகளும் அதில் உண்டு. கட்டிடம் மாநகராட்சிக்குச் சொந்தம். உள்ளே இருந்தவர்கள் நகரத்துக்குள் வாடகை கொடுக்க வக்கில்லாதவர்கள். வெளியே போய்த் தங்கினால் வண்டிக்காசுக்கே கூலி சரியாகப் போகிறவர்கள். மலாவியிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களும் இருந்தார்கள். அட்டையும் பலகையும் வைத்து அறையை அறையாகத் தடுத்துக் குடியிருந்தார்கள். விசாரணை ஆணையம் 2024-ல் மாநகராட்சி மீதுதான் குற்றம் சொன்னது: தன் கட்டிடத்தின் நிலைமை தெரிந்தும் வருடக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டது என்று.

பாஸ் சட்டம் 1986-ல் போய்விட்டது. எந்த நிறத்தவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று வகுத்த 1950-ஆம் வருடத்துக் குழுப் பகுதிகள் சட்டம் 1991-ல் போய்விட்டது. ஆனால் பாஸ் இல்லாதவர் நகரத்தில் தங்குவதற்கு இன்றைக்கும் ஒரு விலை இருக்கிறது. பேராசிரியர் அதைப் பொருளாதாரம் என்கிறார். இருக்கட்டும். அந்தப் பொருளாதாரத்துக்குக் கோடு கிழித்துக் கொடுத்தது யார் என்று பார்ப்போம்.

1922-ல் ஸ்டாலர்ட் ஆணையம் என்று ஒன்று அறிக்கை கொடுத்தது. வெள்ளையனுக்கு ஊழியம் செய்கிற வரைக்கும்தான் கறுப்பன் நகரத்தில் இருக்கலாம், ஊழியம் முடிந்தால் வெளியேற வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த வருடமே அதை ஒட்டி நகர்ப்புறச் சட்டம் வந்தது. நகரத்துக்கு வெளியே கறுப்பருக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'லொகேஷன்'. வெறும் 'இடம்'. ஊர் என்று சொல்லிவிடக் கூடாது, நகரம் என்றும் சொல்லிவிடக் கூடாது. 'காலனி' என்ற சொல்லோடு பிறந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் முதன்முதலில் நேர்த்தியாகச் செய்துகாட்டிய நகரம் டர்பன். நம்மவர்கள் 'நம்ம தமிழர் வாழும் டர்பன்' என்று பெருமையாகச் சொல்வார்களே, அதே டர்பன்தான். 1908-லேயே கறுப்பருக்குப் பீர் விற்கும் ஏகபோகத்தை நகராட்சி எடுத்துக்கொண்டது. அவர்கள் குடித்த காசிலேயே அவர்களை அடைத்துவைக்கும் விடுதிகளையும் அவர்களைக் கண்காணிக்கும் இலாகாவையும் நடத்தியது. பாருங்கள், அடைப்புக்கு ஆகும் செலவையும் அடைபட்டவனே கட்ட வேண்டும். 1950-51-ல், குழுப் பகுதிகள் சட்டத்தின் மை காய்வதற்கு முன்னாலேயே, நகராட்சி ஒரு தொழில்நுட்பக் குழுவைப் போட்டு நகரம் முழுவதையும் நிறத்துக்கு ஒரு மண்டலமாக வரைந்து கொடுத்தது. அந்தத் திட்டத்தின் தர்க்கம் ரொம்ப எளிமையானது. ஒரு நிறத்தவர் வேலைக்குப் போகும்போது இன்னொரு நிறத்தவரின் பகுதிக்குள் நடக்கக் கூடாது. இரண்டு பகுதிகளுக்கு நடுவில் ஆறு, பள்ளத்தாக்கு, ரயில் பாதை, தொழிற்சாலை வரிசை, இல்லாவிட்டால் வெறும் பொட்டல் இருக்க வேண்டும். இந்த நடுவாந்திர இடத்தைத்தான் நான் இடைத்துண்டு என்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் தங்கச் சுரங்கத்து மண்மேடுகளே அந்த வேலையைப் பார்த்தன. வடக்கே வெள்ளையர், தெற்கே மேட்டுக்கு அந்தப் பக்கம் சொவெட்டோ.

ஆனால் டர்பனில் இன்னொரு வகை இடைத்துண்டும் உண்டு. மனுஷ இடைத்துண்டு. வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் நடுவில் இந்தியரைக் கொண்டுபோய் வைத்தார்கள். வரைபடத்தை விரித்தால் கண்ணுக்குத் தெரியும். தெற்கே சாட்ஸ்வொர்த்: ஒரு பக்கம் உம்லாதுசானா ஆறு, அதற்கப்பால் வெள்ளையர் குடியிருப்பு, மறுபக்கம் உம்லாஸ் ஆறு, அதற்கப்பால் ஆப்பிரிக்கரின் உம்லாசி. வடக்கே பீனிக்ஸ்: பக்கத்திலேயே குவாமாஷு, இனாண்டா, பாம்பாயி. இது தற்செயலாக அமைந்ததல்ல. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று ஒன்றைச் சொன்னார். மேலே ஒருவன் மிதித்தாலும் கீழே மிதிக்க ஒருவன் இருக்கும்வரை ஏணியை யாரும் உடைக்க மாட்டார்கள் என்று. சாதியும் நிறமும் ஒன்றல்ல, அதை நான் அறிவேன். ஆனால் ஏணியை மண்ணில் படுக்கப் போட்டு அதற்கு நகரத் திட்டம் என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் டர்பன் வரைபடத்தைப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் நம்முடைய ஆட்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் போய் நின்றது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். கூலிக் கப்பல்களின் பட்டியல்களில் சாதிக்கென்று ஒரு கட்டமே போட்டிருந்தார்கள். அதில் பறையர் என்று எழுதப்பட்டவர்கள் ஏராளம். சேரியிலிருந்து தப்பிக் கடல் கடந்தவர்கள் அவர்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு திரும்பி வராமல் பலர் அங்கேயே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தும் வாங்கியும் காய்கறி போட்டார்கள். அப்படி உருவான ஊர்களில் ஒன்று கேட்டோ மேனர். நகரத்துக்கு ரொம்பப் பக்கம், மேடும் பள்ளமுமான பூமி. கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். நகரத்தில் தங்க இடம் மறுக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அதே நிலத்தில் வாடகைக்குக் குடிசை போட்டார்கள். உம்குமானே ஆற்றோரம் ஒரு பெரிய குடிசை நகரமே எழுந்தது. வாடகை வாங்கியவன் இந்தியன், கொடுத்தவன் ஆப்பிரிக்கன். இரண்டு பேருக்கும் மேலே வெள்ளை நகராட்சி. 1949 ஜனவரியில் கலவரம் வெடித்தது. அரசு கணக்குப்படியே 142 பேர் செத்தார்கள். ஆப்பிரிக்கர், இந்தியர் இரு தரப்பிலும். வெள்ளை ஆட்சி அதிலிருந்து என்ன பாடம் எடுத்தது? 'பார்த்தீர்களா, சேர்ந்து இருந்தால் வெட்டிக்கொள்வார்கள், பிரித்து வைப்பதே நல்லது.' பிறகு ஆப்பிரிக்கரை 1958-லிருந்து குவாமாஷுவுக்கு அள்ளிப்போட்டார்கள். பெண்கள் சும்மா போகவில்லை. 1959-ல் நகராட்சியின் பீர்க் கடைகளுக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். இந்தியரையும் விடவில்லை. கேட்டோ மேனரை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 1960-களில் சாட்ஸ்வொர்த்தின் வரிசை வீடுகளுக்குத் துரத்தினார்கள்.

சரி, வெள்ளையர் வந்து குடியேறினார்களா? அதுதான் இல்லை. பெரும்பகுதி நிலம் இருபது முப்பது வருடம் சும்மா கிடந்தது. வீடுகளை இடித்த இடத்தில் புதர் மண்டியது. சில கோயில்கள் மட்டும் தனியாக நின்றன. கேப் டவுனிலும் இதே கதைதான். 1966-ல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, சுமார் 60,000 பேரை அப்புறப்படுத்திய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் இன்றைக்கும் பெரும்பாலும் பொட்டல்தான். தனக்கு வேண்டும் என்பதற்காகக்கூட அல்ல, உனக்கு இருக்கக் கூடாது என்பதற்காக ஒரு நிலத்தைப் பிடுங்குவது. இதை எந்தப் பொருளாதாரத்தில் சேர்ப்பது என்று பேராசிரியர்தான் சொல்ல வேண்டும்.

1994-க்குப் பிறகு வந்தது நம் தோழர்களின் அரசு. அதனால் இனி வருவதை எழுதக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஐந்து வருடத்தில் பத்து லட்சம் வீடு என்று ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் வாக்குக் கொடுத்தது. முதல் வீட்டுவசதி அமைச்சர் ஜோ ஸ்லோவோ, கம்யூனிஸ்ட் கட்சியின் பெருந்தலைவர். வாக்குறுதியைக் காற்றில் விட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இதுவரை 30 லட்சத்துக்கும் மேல் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வீடு சொந்தம், கையில் பத்திரம். ஏழைக்கு இத்தனை வீடு இலவசமாகக் கட்டிக் கொடுத்த நாடுகள் உலகத்தில் அதிகமில்லை.

எங்கே கட்டினார்கள் என்பதில்தான் சூது இருக்கிறது.

திட்டத்தின் கணக்கைப் பாருங்கள். மாதம் 800 ராண்டுக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு ஆரம்பத்தில் அதிகபட்ச மானியம் 15,000 ராண்ட். இந்த ஒரே தொகைக்குள்ளேயே மனை வாங்க வேண்டும், குழாயும் சாக்கடையும் போட வேண்டும், வீடும் கட்ட வேண்டும். கட்டுகிறவர் குத்தகைக்காரர். மனைக்குக் கூடக் கொடுத்தால் சுவர் நிற்காது. அதனால் எங்கே மனை மலிவோ அங்கே போனார்கள். எங்கே மலிவு? கறுப்பருக்கென்று நிறவெறி ஆட்சி நகரத்துக்கு வெளியே ஒதுக்கிவைத்த இடத்தில். அதற்கும் அப்பால் உள்ள வெளியில். ஜனங்களே கேலியாகச் சொன்னார்கள்: பழைய அரசு கட்டிக் கொடுத்த தீப்பெட்டி வீட்டிலாவது நாலு அறை இருந்தது, நம்ம அரசு கட்டினது அதிலும் சின்னது. 1999-ல்தான் குறைந்தது 30 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பிறகு அதை 40 ஆக்கினார்கள். அளவு கூடியது, தூரம் குறையவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மினிபஸ் பிடித்து நகரத்துக்குள் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிற வாழ்க்கை அப்பனுக்கும் அதுதான், மகளுக்கும் அதுதான். அப்பனிடம் பாஸ் கேட்டார்கள். மகளிடம் டிக்கெட் கேட்கிறார்கள்.

நகரத்துக்குள் நிலமே இல்லை என்று யாரும் சாதிக்க வேண்டாம். இடைத்துண்டுகள் எல்லாம் என்ன ஆயின? ராணுவ மைதானங்களும் கோல்ஃப் புல்வெளிகளும் என்ன ஆயின? 1995-ல் வளர்ச்சி வசதிச் சட்டம், 2004-ல் புதிய வீட்டுக் கொள்கை, 2013-ல் நிலப் பயன்பாட்டுச் சட்டம் என்று அடுக்கடுக்காக வந்தன. பிரிந்து கிடக்கும் நகரத்தை ஒட்டவைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. எழுதத் தெரிந்தவர்கள்தான். ஆனால் சொத்துரிமையை அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் வைத்தார்கள், வீட்டுரிமையை 26-இல் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. எந்த வீட்டில் சத்தம் கேட்டால் போலீஸ் சீக்கிரம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2000-ல் கேப் டவுன் பக்கத்தில் வாலஸ்டீன் குடிசைவாசிகள் சார்பில் ஐரீன் குரூட்பூம் என்ற பெண் போட்ட வழக்கில் வீடு ஒரு உரிமை, அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உலகத்துச் சட்டக் கல்லூரிகளிலெல்லாம் அந்தத் தீர்ப்பைப் பாடமாக நடத்துகிறார்கள். வழக்குப் போட்டவர் 2008-ல் செத்தார், தகரக் குடிசையிலேயே. இன்னொன்று: கேப் டவுனில் லாங்கா பக்கம் நெடுஞ்சாலை ஓரத்துக் குடிசைப் பகுதி ஒன்றுக்கு ஜனங்கள் அந்த வீட்டுவசதி அமைச்சரின் நினைவாகவே ஜோ ஸ்லோவோ என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே நல்ல வீடு கட்டப்போகிறோம், நீங்கள் தூரத்தில் டெல்ஃப்டுக்குப் போங்கள் என்றது அரசு. 2009-ல் சில நிபந்தனைகளோடு அதே உச்ச நீதிமன்றம் அதற்குச் சம்மதித்தது. ஜனங்கள் நகர மறுத்து உட்கார்ந்தார்கள். கடைசியில் 2011-ல் அந்த உத்தரவே கைவிடப்பட்டது. தீர்ப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை. உட்கார்ந்த இடத்தை விடாததுதான் காப்பாற்றியது.

மறுபடி டர்பனுக்கு வருகிறேன். அங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டியது அதிகம்.

1913-க்குப் பிறகு நிறத்தின் பேரால் நிலம் இழந்தவர்கள் திருப்பிக் கேட்கலாம் என்று 1994-ல் சட்டம் வந்தது. கேட்டோ மேனரிலிருந்து துரத்தப்பட்டவர்கள் மனுப் போட்டார்கள். நகராட்சியோ, பொதுநலனுக்காக அங்கே வளர்ச்சித் திட்டம் வருகிறது, நிலத்தைத் திருப்பித் தர உத்தரவிடக் கூடாது என்று நீதிமன்றம் போனது. கடைசியில் பேசி முடித்தார்கள். நகர்ப்புறக் கோரிக்கைகளில் பெரும்பாலானவை நாடெங்கும் காசாகத்தான் தீர்ந்தன. நிலம் கேட்டவனுக்குக் காசு. இதற்கிடையில் அந்தப் பொட்டலில் 1980-களின் கடைசியிலிருந்தே ஆப்பிரிக்கர்கள் குடிசை போட ஆரம்பித்திருந்தார்கள். நிறவெறி ஆட்சி சாகிற காலத்தில் மூன்று அவை நாடாளுமன்றம் என்று ஒன்று நடத்தி அதில் இந்தியருக்கென்று ஒரு சபை வைத்திருந்தது அல்லவா? அந்தச் சபை அங்கே வீடுகள் கட்டியிருந்தது. 1993-ல் குடிசைவாசிகள் நூற்றுக்கணக்கான வீடுகளில் புகுந்து குடியேறினார்கள். அந்த வீடுகளுக்குப் பேர் கொடுத்து வருடக்கணக்கில் காத்திருந்த ஏழை இந்தியர் வயிறெரிந்தார்கள். துரத்தப்பட்ட இரண்டு கூட்டம், ஒரே நிலம். துரத்தியவன் மட்டும் காட்சியிலேயே இல்லை.

கிளேர் எஸ்டேட்டுக்குப் போவோம். அது இந்தியர் பகுதி. டாக்டர்கள், வக்கீல்கள், வியாபாரிகள் மாடி வீடு கட்டியிருக்கிற மேடு. தமிழ்ப் பெயர்கள் வாசலில் தொங்கும். அதன் இடுக்கில், பிரம்மாண்டமான நகராட்சிக் குப்பைமேட்டை ஒட்டி, கென்னடி ரோடு குடிசைப் பகுதி. 1970-களின் கடைசியிலிருந்து ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த மாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்களும் தோட்ட வேலை செய்கிறவர்களும் அங்கிருந்துதான் போகிறார்கள். பக்கத்தில் ஒரு நிலத்தில் வீடு கட்டித் தருவதாக நகராட்சி சொல்லியிருந்தது. 2005 மார்ச்சில் அந்த நிலத்தில் புல்டோசர் இறங்கியது. ஜனங்கள் சந்தோஷமாக ஓடிப்போய்ப் பார்த்தால், நிலத்தைச் செங்கல் செய்கிறவருக்குக் கொடுத்தாகிவிட்டது. டயரைக் கொளுத்திப் போட்டுச் சாலையை மறித்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் அபாஷ்லாலி பாசெம்ஜொண்டோலோ என்ற குடிசைவாசிகள் இயக்கம். 2007-ல் குவாசுலு-நேட்டால் மாகாண அரசு 'குடிசை ஒழிப்பு'ச் சட்டம் கொண்டுவந்தபோது (பாஸ் ஒழிப்பை நினைத்துக்கொள்ளுங்கள்) இந்தக் குடிசைவாசிகள்தான் வழக்குப் போட்டு, காலி செய்யக் கட்டாயப்படுத்தும் 16-ஆம் பிரிவை 2009 அக்டோபரில் ரத்து செய்ய வைத்தார்கள். தீர்ப்பு வருவதற்குச் சில வாரம் முன்னால் இரவில் ஆயுதக் கும்பல் கென்னடி ரோட்டுக்குள் புகுந்தது. இரண்டு பேர் செத்தார்கள், இயக்கத்தின் முன்னணியாளர்கள் வீட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று.

இதில் அந்த மாடி வீட்டுக்காரர்களின் பங்கு என்ன? எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. தண்ணீர் கொடுத்தவர்கள், வழக்குக்கு உதவியவர்கள் அவர்களிலும் உண்டு. ஆனால் 'எங்கள் சொத்து மதிப்பு விழுகிறது' என்ற புலம்பலும் அங்கிருந்துதான் வந்தது. ஐம்பது வருடத்துக்கு முன் கேட்டோ மேனரில் இவர்களுடைய தாத்தா பாட்டியைச் 'சுகாதாரக்கேடு' என்று சொல்லித்தான் துரத்தினார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் அதே சொல்லைக் குடிசையைப் பார்த்துச் சொல்கிறார்கள். சட்டம் போன பிறகும் கோட்டைக் காக்க ஆள் கிடைத்துவிட்டது, அதுவும் சம்பளமில்லாமல்.

டர்பனுக்கு வடக்கே உம்ஷ்லாங்கா மேட்டைப் பார்த்துவிட்டு அப்புறம் 'பொருளாதாரம்' பேசலாம். நம்மவர்கள் முதுகொடியக் கரும்பு வெட்டிய கம்பெனி நிலம் அது. நிறவெறி முடிந்ததும் கம்பெனிக்குக் கரும்பைவிட மனை லாபம் என்று தெரிந்தது. பெரிய வணிக வளாகம் 2001-ல் திறந்தார்கள், அலுவலகக் கோபுரங்கள் வந்தன, மதில் சூழ்ந்த குடியிருப்புகள் வந்தன. வாசலில் காவலாளி, உள்ளே போக அடையாள அட்டை. பணமிருந்தால் கறுப்பரும் இந்தியரும் குடியிருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. நகரத்தின் பழைய மையத்திலிருந்த வங்கியும் ஆபீசும் அந்தப் பக்கம் போனது. கறுப்பர் நகரத்துக்குள் வர அனுமதி கிடைத்த நேரத்தில் நகரமே எழுந்து வேறு பக்கம் போய்விட்டது. ஜோகன்னஸ்பர்க்கில் சாண்ட்டனும் இப்படித்தான். அலெக்சாண்ட்ராவின் தகரக் கூரைகளிலிருந்து பார்த்தால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் சாண்ட்டன் கோபுரம் தெரியும்.

இப்போது 2021 ஜூலை. முன்னாள் ஜனாதிபதி ஜூமா சிறைக்குப் போன சில நாளில் குவாசுலு-நேட்டாலும் ஜோகன்னஸ்பர்க் வட்டாரமும் பற்றி எரிந்தன. கடைகள் சூறையாடப்பட்டன. மொத்தம் 350-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பீனிக்ஸில் என்ன நடந்தது? போலீஸ் வரவில்லை. இந்தியர்கள் தெருமுனைகளில் தடுப்பு வைத்தார்கள், கையில் துப்பாக்கி. கலகக்காரர்களை மட்டும் மறித்திருந்தால் அது தற்காப்பு. அந்த வழியாக வீட்டுக்குப் போன, வேலையிலிருந்து திரும்பிய கறுப்பரையும் நிறம் பார்த்து மறித்தார்கள், அடித்தார்கள், சுட்டார்கள். அரசு கணக்குப்படி பீனிக்ஸில் மட்டும் 36 சாவு, செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். பீனிக்ஸ் வாசிகளின் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 1949 பாட்டி சொன்ன கதை, 1985-ல் இனாண்டாவிலிருந்து இந்தியர் விரட்டப்பட்டதும் காந்தி உண்டாக்கிய குடியிருப்பு எரிந்ததும் கண்ணால் பார்த்தது. ஆனால் கேளுங்கள்: இனாண்டாவுக்கும் குவாமாஷுவுக்கும் பக்கத்தில் அந்த மூலையில் 1976-ல் பீனிக்ஸை வைத்தது யார்? எதற்கு வைத்தது? போகிற வருகிற வழிகளில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளும்படி யார் வரைந்தது? திட்டம் போட்டவர்கள் எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த ஆட்கள், எதிர்பார்த்த மாதிரி தடுப்பு வைத்தார்கள். அவர்கள் ஆட்சியை விட்டுப் போய் 27 வருடம் ஆன பிறகு.

அந்த ஜூலையில் தமிழ்நாட்டில் என்ன பேசினோம்? 'தென்னாப்பிரிக்காவில் தமிழர்கள் தாக்கப்படுகிறார்கள்' என்று சுவரொட்டி மொழியில் பேசினோம். 36 பிணங்களைப் பற்றிப் பேச நமக்கு வாய் வரவில்லை. அங்கே போய் வருகிற எழுத்தாளர்களும் காவடியைப் பற்றி எழுதுகிறார்கள், தேரைப் பற்றி எழுதுகிறார்கள், ஐந்தாம் தலைமுறைப் பெண் தேவாரம் பாடியதைக் கேட்டுக் கண் கலங்கினேன் என்று எழுதுகிறார்கள். கோயிலுக்குப் பின்னால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒருத்தராவது எழுதினால் என்னவாம்? கப்பல் பட்டியலில் பறையர் என்று எழுதப்பட்டவனின் பேரன் 'தமிழன்' என்ற பெருமைக்குள் அழைக்கப்படும்போது, அந்தப் பெருமையோடு சேர்த்து இன்னொருவனைத் தள்ளி வைக்கும் பழக்கத்தையும் வாங்கிக்கொள்கிறான். இதைச் சொன்னால் 'உங்களுக்கு எல்லாத்திலயும் சாதிதான்' என்பார்கள். சொல்லட்டும்.

இதற்கு மாறான ஒன்றும் அதே மண்ணில் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1999-2000 வாக்கில் சாட்ஸ்வொர்த்தின் நகராட்சி அடுக்கு வீடுகளில் வாடகை பாக்கிக்காக ஏழைகளை வெளியே தள்ள, தண்ணீரைத் துண்டிக்க வந்தார்கள். வந்தது புதிய ஜனநாயக நகராட்சி. உள்ளே இருந்தவர்கள் இந்தியர்களும், பிறகு குடிவந்த ஆப்பிரிக்கர்களும். பெண்கள் மாடிப்படியில் உட்கார்ந்து மறித்தார்கள். 'நீங்கள் சலுகை பெற்ற இந்தியர்கள்' என்று கட்சிக்காரர் ஒருவர் சொல்ல, நாங்கள் இந்தியருமில்லை ஒண்ணுமில்லை, ஏழைகள் என்று ஒரு கிழவி திருப்பிச் சத்தம் போட்டார். அஷ்வின் தேசாய் 2002-ல் எழுதிய புத்தகத்துக்குத் தலைப்பே அந்தக் கிழவியின் பதில்தான். நகரத் திட்டக் குழுக்கள் எழுபது வருடமாக வரைந்ததை அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்த பெண்கள் சில மாதத்துக்காவது அழித்துக் காட்டினார்கள். அது நீடிக்கவில்லை என்பதும் உண்மை.

பேராசிரியருக்குக் கடைசியாக ஒன்று. கேட்டோ மேனரில் கேட்டோ கிரெஸ்ட் என்ற பகுதி. 2013-ல் அங்கே வாடகைக் குடிசைகளை இழந்த ஜனங்கள் காலி நிலத்தில் புதிதாகத் தகரக் கொட்டகை போட்டு, முந்தின வருடம் சுரங்கத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட மரிக்கானாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். நகராட்சியின் நில ஆக்கிரமிப்புத் தடுப்புப் பிரிவு வந்து இடித்தது. நீதிமன்றம் தடை போட்டது. மறுபடி வந்து இடித்தது. செப்டம்பர் 30 விடியற்காலையில் ஜனங்கள் சாலையை மறித்தார்கள். போலீஸ் சுட்டதில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி செத்தாள். சுட்ட போலீஸ்காரருக்கு 2018-ல் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அவள் விழுந்த நிலம் 1958-ல் வெள்ளையருக்கென்று அறிவிக்கப்பட்ட நிலம். அங்கே குடியேற எந்த வெள்ளையரும் வந்ததில்லை.